இறைபணிப் படிப்புக்குப் போகும் பிள்ளையை எந்த ஆலயத்திலிருந்து வழியனுப்புவது?

ஒரு ஊரிலிருந்து ஒரு பிள்ளை இறைபணிக்கெனப் படிக்கப் புறப்படுவது வீட்டாரின் அலுவல் மட்டுமன்று. அது ஊர்ச் சபையின் அலுவலுமாகும். யாழ்ப்பாணக் கிராமங்களில் இதற்கொரு முறை உண்டு. புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு ஆராதனையில் பிள்ளையை முன்னுக்கு அழைப்பார்கள். குருவானவரும் சபை மூப்பரும் தலையில் கைவைத்துச் செபிப்பார்கள். மாதர் சங்கத்தார் ஒரு வேதாகமமோ குடையோ கொடுப்பார்கள். கத்தோலிக்கப் பங்குகளில் திருப்பலியின் முடிவில் ஆசீர் வழங்குவார்கள். பின்பு முன்றிலில் தேத்தண்ணியும் வடையும். மறுநாட் காலை பஸ். இவ்வளவுதான்.

ஆனால் ஊர்க் கோயிலே கைவிட்டுப் போன குடும்பத்துக்கு இந்தச் சிறிய காரியமே பெரிய கேள்வியாகிவிடுகிறது. எந்த ஆலயத்தில் நிற்பது? யார் கைவைப்பது? அந்த ஊர்ச் சனம் இப்போது எங்கே?

வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் வெளியேறினார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதுமே மூட்டை முடிச்சுகளுடன் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனது. 1996இல் பெரும்பகுதியினர் திரும்பி வந்தார்கள். வலிகாமம் வடக்கார் திரும்ப முடியவில்லை. அவர்களுடைய வீடும் தோட்டமும் கிணறும் ஆலயமும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தன. 2009இன் பின்னரே காணிகள் படிப்படியாக விடப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017இல்தான் கிடைத்தது. இன்னும் தம் காணியைக் காணாதவர்களும் இருக்கிறார்கள். ஆகவே, தாய் தகப்பன் ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்துக்குள் ஒருநாளும் காலடி வைக்காமலே வளர்ந்து, இறைபணிக்குப் போக விரும்பும் பிள்ளைகள் எம்மிடையே உண்டு. அவர்களுக்கு "ஊர்ச் சபை" என்பது ஒரு கட்டடமல்ல. மல்லாகத்திலும் உடுவிலிலும் வன்னியிலும் கொழும்பிலும் கனடாவிலும் சிதறிக் கிடக்கும் நூறு, நூற்றைம்பது பேர்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1990இலும் 1995இலும் ஓடியவர்கள் ஒருவரிடமும் விடைபெறவில்லை. அடுப்பில் சோறு இருந்தது, மாடு கட்டையில் நின்றது, கோயில் திறப்பு யாரிடம் என்று கேட்க நேரமில்லை. அதனால்தான், ஒரு பிள்ளை தானே விரும்பிப் புறப்படும் இப்படியான ஞாயிறுகளில் முதியவர்கள் அளவுக்கு மீறி அழுகிறார்கள். பிள்ளைக்காக மட்டும் அவர்கள் அழவில்லை. அன்று செய்யாமல் விட்ட பிரியாவிடையையும் சேர்த்து அழுகிறார்கள். மூப்பர் ஒருவர் செபத்தின் நடுவில் நின்றுவிட்டால் அவரை அவசரப்படுத்த வேண்டாம். ஆராதனை அரை மணித்தியாலம் பிந்தி முடிந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

வேதாகமம் காட்டும் வழிகள்

எமது வாசகர் அநேகர் தோட்டக்காரர் ஆகையால் எலிசாவிலிருந்து தொடங்குவது பொருத்தம். முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் அவர் வயலில் உழுதுகொண்டு நிற்கிறார். முன்னுக்குப் பன்னிரண்டு ஏர் மாடுகள்; கடைசி ஏர் அவருடையது. எலியா வந்து தன் சால்வையை அவர்மேல் போடுகிறார். தகப்பனையும் தாயையும் முத்தமிட்டுவிட்டு வருகிறேன் என்று எலிசா கேட்கிறார். பின்பு ஓர் ஏர் மாட்டை அடித்து, கலப்பை மரத்தையே விறகாக்கி, இறைச்சியைச் சமைத்து ஊர்ச்சனத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இதை வைத்து, இறைபணிக்குப் போகிறவன் எல்லாவற்றையும் எரித்துவிட்டுப் போகவேண்டும் என்று பிரசங்கிப்போர் உண்டு. எமக்கு அது சரியாகப் படவில்லை. எலிசாவின் வீட்டில் பன்னிரண்டு ஏர் இருந்தது; ஒன்று போனால் பதினொன்று மிஞ்சும். குத்தகைக் காணியில் நாலு பரப்பு வெங்காயம் செய்யும் குடும்பத்தில் உள்ளதே ஒரு நீர் இறைக்கும் மெசின். அதை விற்றுப் பிரியாவிடை விருந்து வைப்பது விசுவாசம் அல்ல, மிஞ்சியிருப்போருக்குச் செய்யும் அநியாயம். அந்தக் கதையில் கவனிக்க வேண்டியது வேறொன்று: எலிசா சொல்லாமல் போகவில்லை. பெற்றாரிடமும் ஊரிடமும் முகம் பார்த்துச் சொல்லி, எல்லாரோடும் இருந்து சாப்பிட்டுவிட்டே போனார்.

அப்போஸ்தலர் நடபடிகள் 13ஆம் அதிகாரத்தில் அந்தியோகியாச் சபை உபவாசித்துச் செபித்து, பர்னபாவுக்கும் சவுலுக்கும் கைவைத்து அனுப்புகிறது. 14ஆம் அதிகாரத்தின் முடிவில் அவர்கள் அதே சபைக்குத் திரும்பி வந்து, நடந்ததையெல்லாம் கூடியிருந்தோருக்கு எடுத்துச் சொல்கிறார்கள். அனுப்பிய சபைக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும், போனவருக்குத் திரும்பி வந்து சொல்லும் கடமையும் உண்டு என்பது இதிலிருந்து விளங்கும். 20ஆம் அதிகாரத்தில் எபேசுவின் மூப்பர்கள் மிலேத்து என்ற துறைமுகத்துக்கு வந்து பவுலைக் கட்டியழுது, கப்பல் வரைக்கும் கூடப் போகிறார்கள். அந்தப் பிரியாவிடை நடந்தது எபேசுவின் சபை கூடும் இடத்தில் அல்ல, கடற்கரையில். முகாம் முற்றத்திலோ அயலூர் ஆலயத்திலோ பிள்ளையை அனுப்ப நேர்ந்தவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

முன்னர் போனவர்கள்

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். அதன் முதல் அதிபர் டானியல் பூவர். கிராமத்துப் பிள்ளைகள் வீட்டை விட்டு விடுதியில் தங்கிப் படிக்கும் வழக்கம் அந்த நாட்களில் எம்மவர்க்குப் புதிது. வீட்டை விட்ட பிள்ளைகளில் பலர் தம் பெயரையும் விடவேண்டியிருந்தது. அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பிய உபகாரிகளின் பெயர்கள் அவர்களுக்குச் சூட்டப்பட்டன. சார்ள்ஸ் வின்ஸ்லோ தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்ற பெயர்களைப் பாருங்கள். இவ்விருவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானார்கள். தாமோதரம்பிள்ளை பின்னாளில் சைவராக வாழ்ந்து, பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துப் புகழ்பெற்றார். பணம் கொடுத்த ஊரின் நினைவு பெயரில் ஏறியது. பிள்ளையைக் கொடுத்த ஊருக்கு அப்படியொரு குறிப்பும் இல்லை.

செமினரி 1855இல் மூடப்பட்டது. படித்து வெளியேறியோர் பெருமளவில் அரசாங்க உத்தியோகத்துக்கே போனார்கள், ஊழியத்துக்கு வந்தோர் குறைவு என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. ஆங்கிலக் கல்வியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஊரோடு இருந்த கயிறு அறுந்தால் பிள்ளை எங்கே போய்ச் சேரும் என்பது படிப்பிக்கும் நிறுவனத்தின் கையில் மட்டும் இல்லை என்பதற்காகவே சொல்கிறோம்.

அதே காலத்தில் எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. 1834இல் அமெரிக்க மிஷன் மதுரையில் வேலை தொடங்கியபோது, மிஷனரிமாருடன் வட்டுக்கோட்டையில் படித்த யாழ்ப்பாணத்து உதவியாளரும் கடல் கடந்து போனார்கள். மதுரை மிஷன் யாழ்ப்பாணத்தின் பிள்ளை என்று சொல்வது இதனால்தான். இன்று அந்த வழி திரும்பியிருக்கிறது. மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஈழத்துத் தமிழருக்குப் புதிய பெயரல்ல. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாண ஆதீனமும் அதில் ஒன்றாயிற்று, எஸ். குலேந்திரன் அதன் முதற் பேராயர். அரசரடிக் கல்லூரியில், மாணவர் ஒரு காலம் வளாகத்தை விட்டு வெளியே ஏழைகளின் குடியிருப்புகளில் தங்கிப் படிக்கும் முறை உண்டு. முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பாடத்தில் ஒருவரும் புதிதாக ஒன்றும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே படிக்கப் போனவர்களில் உலகமே அறிந்தவர் டி. ரி. நைல்ஸ். 1908இல் பிறந்தவர். 1929இல் பங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரிக்குப் போய் 1933 வரை படித்தார். 1948இல் அம்ஸ்ரடாமில் உலகத் திருச்சபைகளின் மன்றம் தொடங்கியபோது அதன் ஆரம்ப ஆராதனையில் பிரசங்கித்தவர்களுள் ஒருவர். 1968இல் உப்சாலா மாநாட்டில், கொலை செய்யப்பட்ட மாட்டின் லூதர் கிங்குக்குப் பதிலாகப் பிரசங்கித்தவரும் அவரே. இவ்வளவு உயரத்துக்குப் போனபின்பும் அவர் இலங்கை மெதடிஸ்த திருச்சபையின் குருவாகவே இருந்தார். அதன் தலைவராயிருந்த காலத்தில் 1970இல் வேலூரில் காலமானார். உலகம் சுற்றியவர் வேறொரு நாட்டுச் சபையில் தன் பெயரைப் பதியவில்லை என்பதே இங்கே எமக்கு வேண்டிய செய்தி.

இடாப்புகளும் அத்தாட்சிகளும்

இனி நடைமுறைக்கு வருவோம். இறையியற் கல்லூரிக்கோ குருமடத்துக்கோ விண்ணப்பிக்கும்போது ஞானஸ்நான அத்தாட்சி கேட்பார்கள். திடப்படுத்தல் அல்லது உறுதிபூசுதல் அத்தாட்சியும், குருவானவரின் சிபார்சுக் கடிதமும் வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பங்கள் இடறுவது இங்கேதான். அத்தாட்சி ஓடும்போது விழுந்துபோயிற்று. இடாப்பு ஆலயத்தோடு அழிந்ததோ, யாரேனும் எடுத்துச் சென்றாரோ என்று வீட்டாருக்குத் தெரியாது.

முதலில் ஆதீன அலுவலகத்திலோ ஆயர் இல்லத்திலோ விசாரியுங்கள். குருமார் சிலர் ஓடும்போது தம் உடுப்பை விட்டுவிட்டு இடாப்பைக் கட்டிக்கொண்டு போனதுண்டு. இடாப்பு அழிந்ததே உண்மையானாலும் வழி அடைபட்டதல்ல. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 876ஆம் இலக்கம், எவருக்கும் பாதகம் இல்லாதவிடத்து, நம்பத்தகுந்த ஒரேயொரு சாட்சியின் வாக்குமூலம் ஞானஸ்நானத்தை நிரூபிக்கப் போதும் என்கிறது. ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ, அன்று ஆலயத்தில் நின்ற அயலவரோ இருந்தால் போதும். மற்றத் திருச்சபைகளிலும் குருவானவரிடம் பேசினால் இப்படியான ஒழுங்கு செய்யலாம். ஆனால் அந்தச் சாட்சிக்கு இப்போது எழுபது, எண்பது வயதிருக்கும். அவர் கண்மூடுமுன் எழுத்தில் வாங்கி வையுங்கள். உங்கள் வீட்டில் இறைபணிக்குப் போகும் பிள்ளை இல்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். கலியாண எழுத்துக்கும் இது உதவும்.

அதே சட்டத் தொகுப்பில் இன்னொரு அழகான விதி உண்டு. 1054ஆம் இலக்கத்தின்படி, ஒருவர் எங்கே குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டாலும், அந்தச் செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் குருவுக்கு அறிவிக்கவேண்டும்; அங்கே ஞானஸ்நான இடாப்பில் அவருடைய பெயருக்கு நேரே அது பதியப்படும். ஆள் உரோமையில் இருக்கட்டும், கனடாவில் இருக்கட்டும், கிராமத்து இடாப்பில் ஒரு வரி சேரும். இடாப்பு இல்லாத பங்குக்கு அந்த வரியை எழுத இடம் இல்லை. பழைய இடாப்பு அழிந்த பங்குகளில், இருப்போரின் சாட்சியைக் கொண்டு புதிய இடாப்பு எழுதும் வேலை எவ்வளவு அவசரமானது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

தோட்டத்தை யார் பார்ப்பது?

இதைப் பற்றிப் பிரியாவிடை ஆராதனையில் ஒருவரும் பேசுவதில்லை. ஆனால் இரவில் வீட்டில் தாயும் தகப்பனும் பேசுவது இதைப் பற்றித்தான். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தகப்பனுக்கு அறுபது வயது, முழங்கால் வருத்தம். மூத்த மகள் கலியாணம் செய்துவிட்டாள். மகன் ஒருவன், இறைபணிக்குப் போகிறேன் என்கிறான். குடும்பத்தின் சொந்தக் காணி அண்மையில்தான் விடப்பட்டது. பற்றை வெட்டவேண்டும், கிணறு இறைத்துத் துப்புரவாக்கவேண்டும், வேலி அடைக்கவேண்டும். முப்பது வருடம் காத்திருந்த காணி கிடைத்த நேரத்தில், அதைக் கொத்துவதற்கு இருந்த ஒரே கை போகிறது.

இங்கே மகன் குற்ற உணர்வோடு போவான், தகப்பன் வாய்திறக்காமல் இருப்பார். இரண்டும் நல்லதல்ல. போவதற்கு முன்பு மூன்று தரப்பும், அதாவது குடும்பமும் சபையும் பிள்ளையும், ஒன்றாய் இருந்து வெளிப்படையாகப் பேசவேண்டும். கத்தோலிக்கக் குருத்துவப் படிப்பில் மெய்யியலும் இறையியலும் சேர்ந்து ஆகக் குறைந்தது ஆறு முழு ஆண்டுகள். மற்றத் திருச்சபைகளிலும் சில ஆண்டுகள் எடுக்கும். இது ஒரு போகத்துக் கதையல்ல. காணியைக் குத்தகைக்குக் கொடுப்பதா, ஒரு பகுதியை மட்டும் செய்வதா, தண்ணீர் அதிகம் வேண்டாத பயிருக்கு மாறுவதா என்று முதலே தீர்மானியுங்கள். குத்தகைக்குக் கொடுப்பதானால் எழுத்தில் கொடுங்கள், அவர் சொந்தக்காரர் ஆனாலும். சபையின் வாலிபர் சங்கம் பிள்ளைக்குப் பெட்டி வாங்கிக் கொடுப்பதிலும் பார்க்க, வருடத்தில் இரண்டு சனிக்கிழமை வந்து வேலி அடைத்துக் கொடுத்தால் அதுவே பெரிய காணிக்கை.

புறப்படும் நாளையும் பயிரைப் பார்த்துத் தெரிவு செய்ய முடிந்தால் நல்லது. காலபோக நெல் அறுவடை தை, மாசியில் வரும். கல்லூரி தொடங்கும் திகதியை நாம் மாற்ற முடியாது. ஆனால் பிரியாவிடை ஞாயிறை அறுவடைக் கிழமையில் வைத்துவிட்டு, சனம் வரவில்லை என்று குறைப்படுவதைத் தவிர்க்கலாம்.

வழியும் மொழியும்

எல்லாரும் தூரத்துக்குப் போகவேண்டும் என்றில்லை. மருதனார்மடத்தில் கிறிஸ்தவ இறையியல் கல்லூரியும், கொழும்புத்துறையில் புனித பிரான்சிஸ் சவேரியார் குருமடமும் குடாநாட்டுக்குள்ளேயே உண்டு. தெற்கே போவோரில் பலர் கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையிலுள்ள இலங்கை இறையியல் கல்லூரிக்குப் போகிறார்கள். அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்ற் திருச்சபைகள் சேர்ந்து 1963இல் தொடங்கிய கல்லூரி அது. ஆங்கிலத்தில் அல்லாமல் சிங்களத்திலும் தமிழிலும் ஊழியரைப் பயிற்றுவிப்பதே அதன் நோக்கம். இரு மொழி மாணவரும் ஒரே வளாகத்தில் இருந்து, ஒரே மேசையில் சாப்பிட்டுப் படிக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் போகும் ஏ9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். இன்று இரவு பஸ்ஸில் ஏறினால் விடியப் போய்ச் சேரலாம். 1990இன் பின் அந்த வீதி மூடியிருந்த காலத்தில் போன மாணவர்கள் கிளாலியில் இரவில் வள்ளம் ஏறிக் கடலேரியைக் கடந்தார்கள். 1996இன் பின் கப்பலில் திருகோணமலைக்குப் போய்ச் சுற்றிப் போனார்கள். பாஸ், அடையாள அட்டை, பொலிஸ் பதிவு என்று ஒவ்வொரு படியிலும் நின்றார்கள். வீதி 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடி, 2009இன் பின்னரே நிலையாகத் திறந்தது. விடுமுறைக்கு வீட்டுக்கு வரமுடியாமல் கல்லூரியிலேயே நத்தாரைக் கழித்தவர்களும் அந்தத் தலைமுறையில் உண்டு.

வீதி திறந்துவிட்டது, பயம் அவ்வளவு சுலபமாகத் திறப்பதில்லை. தன் வீட்டில் இராணுவம் இருபத்தைந்து வருடம் இருந்ததைக் கண்ட தாய், மகனைச் சிங்களப் பிள்ளைகளோடு இருந்து படிக்க அனுப்புகிறாள். அவளுடைய தயக்கத்தை விசுவாசக் குறைவு என்று எவரும் சொல்லவேண்டாம். முடிந்தால், முதல் முறை போகும்போது பெற்றாரில் ஒருவர் கூடப் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வரட்டும். எங்கே படுக்கிறான், யாரோடு சாப்பிடுகிறான் என்று கண்ணால் கண்டால் பாதிப் பயம் போய்விடும். மலைநாட்டுக் குளிருக்கு ஒரு தடித்த போர்வையும், வீட்டில் இடித்த மிளகாய்த்தூள் ஒரு போத்தலும் அனுப்பினால், மற்றப் பரிசுகளை அவன் மறந்தாலும் இவ்விரண்டையும் மறக்கமாட்டான்.

இரண்டு சபைகள், ஓர் ஆராதனை

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். இடம்பெயர்ந்த பிள்ளைக்கு உண்மையில் இரண்டு சபைகள் உண்டு: பெற்றார் விட்டுவந்த ஊர்ச் சபை ஒன்று, வந்தவர்களுக்கு வாங்கு ஒதுக்கிக் கொடுத்த சபை மற்றது. பலர் முதலாவதை மட்டும் நினைத்து உருகுவார்கள்; முப்பது வருடம் ஞாயிறு பாடசாலை நடத்தி, இளைஞர் கூட்டத்தில் பிள்ளைக்கு முதற் பேச்சுச் சந்தர்ப்பம் கொடுத்தது இரண்டாவது என்பதை மறந்துவிடுவார்கள். இது நன்றியல்ல. பிரியாவிடை ஆராதனை இடம் கொடுத்த சபையிலேயே நடக்கட்டும். அந்தச் சபையின் குருவானவர் நடத்தட்டும். கைவைக்கும் நேரத்தில் ஊர்ச் சபையின் மூத்தவர் ஒருவரையும் முன்னுக்கு அழையுங்கள். அவர் பதவியில் இருந்தவராக இருக்கவேண்டியதில்லை, மணியடித்தவராகவோ கூட்டித் துடைத்தவராகவோ இருந்தாலும் போதும்.

ஊர் விடப்பட்டிருந்தால், புறப்படுவதற்கு முன் ஒரு பின்னேரம் குடும்பமாக அங்கே போய் வரலாம். கூரையில்லாத ஆலயமானாலும், அத்திவாரம் மட்டும் இருந்தாலும், நின்று செபித்துவிட்டு வரலாம். பற்றைக்குள் போகும்போது கவனம் வேண்டும்: மிதிவெடி அகற்றப்பட்டதென்று அறிவிக்கப்படாத இடத்துக்குள் ஒருபோதும் இறங்கக்கூடாது. விடப்படாத ஊரானால் வேலிவரைக்கும் போய் நிற்பதா இல்லையா என்பதைத் தாய் தகப்பனே தீர்மானிக்கட்டும். சிலருக்கு அது ஆறுதல், சிலருக்கு அது புண்ணைக் கிளறுவது.

சிதறியிருக்கும் ஊரவருக்குப் பிள்ளை தன் கைப்பட ஒரு கடிதம் எழுதி, தான் எங்கே, எத்தனை வருடம் போகிறேன், யாருடைய பிள்ளை, யாருடைய பேரப்பிள்ளை என்று சொல்லட்டும். பேரனின் பெயர் தெரியாதவர்க்கும் பாட்டனின் பெயர் தெரியும். வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால் அதைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் சபைப் பொருளாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு எழுதுங்கள். மாதாமாதம் கைச்செலவுக்கு அதிலிருந்து அனுப்பலாம். கடிதத்தின் ஒரு பிரதியை இடம் கொடுத்த சபையின் கோவையிலும், இன்னொன்றை ஊர்ச் சபையின் புதிய இடாப்பின் உள்ளேயும் வைக்கவேண்டும். முதல் விடுமுறைக்கு வரும்போது எந்த ஞாயிறு எந்தச் சபையில் பேசுவது என்பதையும் போகுமுன்பே குறித்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் இரண்டு சபையும் ஒரே நாளில் கேட்கும்.